கிரவுனுக்குள் தாமிரபரணி

கயத்தாறில் டீக்கு ஓரம் கட்டியதும் டிரைவர் அண்ணன் கடைப் பக்கம் போகவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முன் சக்கரம், பின் சக்கரம், மறுபக்கம் பின், முன் என்று ஒவ்வொன்றின் நடுவிலும், ஹப் இருக்கும் இடத்தில், உள்ளங்கையை வைத்து எடுத்தார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

"நாலும் ஒரே சூடா இருக்கணும் தம்பி. ஒண்ணு மட்டும் கொதிச்சா உள்ள பேரிங் அழுவுதுன்னு அர்த்தம்."

முப்பது வருடமாக ஒவ்வொரு டீக்கும் முன்னால் இதைச் செய்கிறாராம். அப்போது எனக்கு அது ஒரு வேடிக்கைப் பழக்கமாகத்தான் பட்டது.

2023 டிசம்பர் 20, புதன்கிழமை, விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. மதுரையிலிருந்து மூன்று மணிக்குக் கிளம்பியிருந்தோம். பதினான்கு அடி ஈச்சர், பழைய வண்டி. கம்ப்யூட்டர் சமாசாரம் எதுவும் இல்லாத மாடல். "ஒயரு கம்மி. அதுதான் இதுக்கு ஆயுசு" என்பார் அண்ணன். காரியாபட்டிக்காரர், சொந்த வண்டி. பின்னால் ரொட்டி, பிஸ்கட், தண்ணீர் கேன், பால்பவுடர், பாய், கைலி, நைட்டி, மெழுகுவத்தி, கொசுவத்தி, நாப்கின். லோடுக்கு மேல் படுதாவைப் போர்த்திக்கொண்டு இரண்டு கல்லூரிப் பையன்கள் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்புதான் மிக்ஜாம் புயலுக்காகச் சென்னைக்கு ஒரு நிவாரண வண்டி அனுப்பியிருந்தோம். அந்தக் களைப்பு தீர்வதற்குள் தெற்கே கொட்டிவிட்டது. ஞாயிறு தொடங்கித் திங்கள் காலை வரையிலான ஒரே நாள் கணக்கில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகமான மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்திருக்கிறது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதைத்தான் கயத்தாறு டீக்கடையிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி இல்லை, கம்பி மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது என்று ஒருவர் கைகளால் வரைந்து காட்டினார்.

திருநெல்வேலியைத் தாண்டி, வல்லநாட்டில் ஆற்றைக் கடந்தோம். தாமிரபரணியை நான் பார்த்ததெல்லாம் படித்துறையில் காலை நனைக்கிற அளவுக்குத்தான். அன்று பாலத்துக்குக் கீழே போனது வேறு எதுவோ. வெல்லப்பாகு நிறம். முழு வாழை மரங்கள் வேரோடு, குலையோடு, ஒன்றையொன்று முந்திக்கொண்டு போயின. அண்ணன் வேகத்தைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. பாலம் முடிந்ததும் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

புதுக்கோட்டையில் (திருச்சிக்குத் தெற்கே இருக்கிற புதுக்கோட்டை அல்ல, இது தூத்துக்குடிக்காரர்களின் புதுக்கோட்டை) போலீஸ் கையைக் காட்டியது. மேலே போக முடியாது, கோரம்பள்ளம் குளம் உடைந்து நெடுஞ்சாலையையே அறுத்துவிட்டது. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரிகிற வடகாலின் கடைசிக் குளம் அது. வாலில் உள்ள குளத்துக்குத் தண்ணீர் வரவில்லை என்றுதான் வருடா வருடம் மனு கொடுப்பார்கள். எங்களுக்குத் தூத்துக்குடி போக வேண்டியதில்லை. ஏரல் பக்கம் மூன்று நாளாக யாரும் போகவில்லை, செல்போன் சிக்னலும் இல்லை, கரண்டும் இல்லை என்று தகவல். தெற்கே சாயர்புரம் சாலையில் திரும்பினோம்.

சாயர்புரம் தாண்டி சில மைல் போனதும் சாலை தண்ணீருக்குள் இறங்கியது.

ஏதோ ஒரு குளத்து மறுகால். எங்கே வழிய வேண்டுமோ அங்கே வழியாமல், இடம் தேடிச் சாலைக்கு வந்திருந்தது. முன்னூறு மீட்டர் இருக்கும். அக்கரையில் தார் மறுபடி கறுப்பாகத் தலையைக் காட்டியது. இடையில் எது ரோடு, எது வாய்க்கால், எது வாழைத்தோட்டம் என்று பிரித்துச் சொல்ல எதுவும் இல்லை, ஒரு பக்கமாக வரிசையில் நின்ற மின்கம்பங்களைத் தவிர.

அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். உள்ளூர்ப் பையன் ஒருவன் முன்னால் நடக்க, அந்தக் கரை வரை போய்த் திரும்பி வந்தார். நடுவில் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. இழுப்பு பெரிதாக இல்லை. இழுப்பு இருந்திருந்தால் முழங்கால் தண்ணீராக இருந்தாலும் திரும்பியிருப்பேன் என்று பிறகு சொன்னார். இரண்டடி ஓட்டத் தண்ணீர் ஒரு காரைப் புரட்டப் போதும். லாரியென்றால் லோடு இருப்பதே காவல். வெறும் பாடி தண்ணீரில் தோணி மாதிரி தூக்கும்.

வந்து உட்கார்ந்தவர், "ஒரு பீடி நேரம் நிப்பாட்டுவோம். வண்டி கொதிக்குது, ஆறட்டும்" என்றார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. மூன்று நாளாகச் சாப்பாடில்லாமல் ஆட்கள் இருக்கிறார்கள், இவர் வண்டி ஆற வேண்டும் என்கிறார். அதை வார்த்தையிலும் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பீடியைப் பற்றவைக்கவில்லை, திரும்பக் கட்டுக்குள் செருகினார்.

உதிரிப் படுதா ஒன்றை முன்முகத்தில், கிரில்லை மறைத்துப் பம்பரோடு சேர்த்துக் கட்டினார். தண்ணீரை வண்டி நெஞ்சால் தள்ளிக்கொண்டு போகும்போது அலை முன்னால் எழும்பும், பின்னால், இஞ்சின் இருக்கிற இடத்தில், கொஞ்சம் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தைக் கலைக்காமல் ஒரே சீராகப் போக வேண்டும். வேகமாகப் போனால் அலை கண்ணாடிக்கு வரும். நின்றால் பின்னால் வருகிற தண்ணீர் புகைக்குழாய் வழியாக உள்ளே ஏறும். நடுவில் கியர் மாற்றக் கிளச்சை அமுக்கினால் பிளேட் நனைந்து வழுக்கும். "செகண்டுல விட்டா செகண்டுதான். காலு ஆக்சிலேட்டர்ல தச்ச மாதிரி இருக்கணும்" என்றார். காற்றுக்குழாய் கேபினுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கும் மேலே இருந்ததால் இஞ்சின் தண்ணீரைக் குடிக்கும் என்ற பயம் இல்லை. இரண்டு உள்ளூர்ப் பையன்கள் சாலையின் இரண்டு ஓரங்களைக் காட்டியபடி முன்னே நடந்தார்கள்.

நூறு மீட்டர் வரை ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் கிளச் மிதி வருகிற ஓட்டை வழியாக ஊற்றுக்கண் மாதிரி தண்ணீர் கொப்பளித்தது. அடுத்துக் கதவு ரப்பர். என் செருப்பு ஒன்று மிதந்து அவர் பக்கம் போனது. இடது முன் சக்கரம் ஏதோ ஒரு குழியில் இறங்கவும் கேபினே என் பக்கம் சாய்ந்தது. தண்ணீர் சீட்டின் விளிம்புக்கு வந்துவிட்டது. நான் காலைத் தூக்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஹாரன் தானாக அடிக்கத் தொடங்கியது. எங்கோ ஷார்ட். விடாமல் அடித்தது. கூடவே வைப்பரும் வறண்ட கண்ணாடியில் ஆட ஆரம்பித்தது. சாய்ந்த வாழைகளுக்கு நடுவில், வெள்ளத்தில், கல்யாண ஊர்வலம் போகிற மாதிரி ஊரைக் கூட்டிக்கொண்டு போனோம். மேலே படுதாவிலிருந்து பையன்கள் விசிலடித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய வலது கால் அசையவே இல்லை. முன்னால் பீரிட்ட தண்ணீரையும் பார்க்கவில்லை, கம்பங்களையே பார்த்தார்.

ஆறேழு நிமிடம் இருக்கும். தார் மேல் ஏறினோம். அவர் செய்த முதல் காரியம் டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு ஒரு ஒயரைப் பிடுங்கியது. ஹாரன் நின்றது. இரண்டாவது, என்னிடம் சொன்னது: "பிரேக் இருக்காது. பயப்படாத." பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஆமை வேகத்தில் ஓட்டினார். ட்ரம்முக்குள் லைனர் உரசி உரசிச் சூடாகிச் சக்கரங்களிலிருந்து ஆவி எழும்பியது. அரை மைல் போன பிறகுதான் மிதித்த இடத்தில் வண்டி நின்றது.

ஏரல் கடைத்தெருவுக்கு முன்னாலேயே நிறுத்தினோம். அதற்கு மேல் சகதி. கடைகளின் ஷட்டரில், ஆள் நெஞ்சளவில், யாரோ பட்டை அடித்த மாதிரி ஒரே மட்டத்தில் மண்கோடு. அரிசி மூட்டைகள் ஊறிப் புளித்த வாடை. மிக்ஸி, தையல் மிஷின், டிவி, பள்ளிக்கூடப் புத்தகம் என்று திண்ணைகளில் கடை விரித்த மாதிரி காய்ந்துகொண்டிருந்தன. வெயில்தான் இல்லை. பாலத்தைச் சேர்கிற சாலையை ஆறு கொண்டுபோயிருந்ததால் அக்கரைக்குப் போக வழியில்லை. பொருட்களைக் கொடுத்த கதையை நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. கொடுப்பவன் எழுதுகிற கதையில் வாங்குபவர் எப்போதும் ஒரே முகத்தோடுதான் வருகிறார்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பையன்கள் சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் வண்டிக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றும் வேலையில் இருந்தார். ரப்பர் மேட்டைச் சுருட்டி வெளியே போட்டார். தரைத் தகட்டில் ரப்பர் மூடி போட்ட ஓட்டைகள் இருக்கும். எனக்கு அதுவரை தெரியாது. அதைத் திருப்புளியால் நெம்பவும் தண்ணீர் கயிறு மாதிரி கீழே இறங்கியது. சீட்டுக்கு அடியில் டூல் பெட்டி தொட்டியாக நின்றது. ஜாக்கி, லீவர், ஸ்பேனர்கள் எல்லாம் அதற்குள் முங்கிக் கிடந்தன. அதன் மேல், பிளாஸ்டிக் உறைக்குள், ஆர்சி, எஃப்சி, பெர்மிட், இன்சூரன்ஸ். உறை இருந்தும் நனைந்துவிட்டது. ஒவ்வொரு தாளையும் பிரித்துக் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டினார். ஈரத்தாள், தானே ஒட்டிக்கொண்டது. சீட் ஸ்பாஞ்சை இரண்டு பேர் பிடித்து முறுக்கினோம். பிழியப் பிழிய வந்தது.

தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வீட்டுக்குள் போய் ஒரு சேலையைக் கொண்டுவந்து நீட்டினார். அரக்கு நிறம், சரிகைக் கரை. மடிப்புக்கு மடிப்பு சேறு.

"இனி இது உடுத்த ஒதவாது. எத்தனை அலசினாலும் மண்ணு போவமாட்டேங்கு. வண்டியத் தொடச்சுக்கிடுங்க."

அண்ணன் மறுத்தார். அந்த அம்மா சீட்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். இஞ்சின் ஆயில் கறுப்பாகவே இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் பால்காப்பி நிறத்துக்கு மாறியிருக்கும். ஏர் ஃபில்டரைத் திறந்தார். காகிதம் உலர்ந்திருந்தது. அதன் பிறகு எனக்குப் பிடித்துப்போன ஒரு காரியம் செய்தார். டீசல் டேங்கின் அடியில் இருக்கிற பிளக்கைத் தளர்த்தி, காலித் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து என் கையில் கொடுத்தார். "ஆட்டாம வச்சிரு." இரண்டு நிமிடத்தில் பாட்டிலுக்குள் இரண்டு மாடி எழுந்தது. மேலே இளமஞ்சளாக டீசல், கீழே விரல் கனத்துக்குக் கலங்கல் தண்ணீர். நடுவில் கத்தியால் கோடு போட்ட மாதிரி. மூடி வழியாகவோ காற்றோட்டக் குழாய் வழியாகவோ இறங்கியிருக்கிறது. இது பம்புக்கும் நாசிலுக்கும் போனால் துரு. பிளக்கை இன்னும் தளர்த்தி, மஞ்சள் மட்டும் வருகிற வரை வடித்தார். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பது பள்ளிக்கூடத்தில் எனக்கும் சொல்லிக்கொடுத்ததுதான்.

இருட்டிய பிறகு அதே வழியில் திரும்பினோம். மறுகால் முழங்காலுக்கு வடிந்திருந்தது. பாளையங்கோட்டைக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். பின்னாலிருந்து ஒரு மெல்லிய உறுமல் வருவதாக அண்ணன் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. சேலையை மடித்துச் சீட்டில் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். அப்படியும் ஈரம் ஏறியது.

மறுநாள் காலை பாளையங்கோட்டைப் பட்டறையில் மெக்கானிக் அண்ணாச்சி எங்கள் வண்டியைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "எந்தக் கொளத்துல முங்கிட்டு வாறிய?" என்றார்.

பட்டறை நிறைய வெள்ளத்து வண்டிகள். வாசலில் ஒரு குட்டி யானை இஞ்சின் பிரிந்து கிடந்தது. அதன் ஓனர் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த வண்டி இரண்டு நாள் முங்கியிருக்கிறது. தண்ணீர் வடிந்ததும், ஓடுகிறதா என்று பார்க்கச் சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடித்திருக்கிறார். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே ஏறி வந்த பிஸ்டன் சிலிண்டருக்குள் நின்ற தண்ணீரில் முட்ட, இடையில் மாட்டிக்கொண்ட கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. அண்ணாச்சி அதை எடுத்துக் காட்டினார். உள்ளங்கை நீளத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. "சாவியத் தொடாம கட்டி இழுத்துட்டு வந்திருந்தா நாசிலக் கழத்தி, கையால சுத்தித் தண்ணிய வெளிய தள்ளி, ஆயில மாத்தி அனுப்பிருப்பேன்." இன்சூரன்ஸ்காரர்களும் இதில் கெட்டி. வெள்ளத்தால் வந்த சேதம் வேறு, வெள்ளத்துக்குப் பிறகு சாவியைத் திருப்பியதால் வந்த சேதம் வேறு என்பார்கள். இஞ்சினுக்கென்று தனியாகக் கட்டியிருந்தால்தான் பின்னதற்குப் பணம். ஓனர் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து அந்த ராடையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் இஞ்சின் தப்பித்தது என்று நான் பெருமையாகச் சொன்னேன். அண்ணாச்சி பதில் சொல்லாமல் வண்டிக்கு அடியில் ஊர்ந்துபோய்ப் பின் ஆக்சிலின் நடுவில் இருக்கிற குடத்தில், கிரவுன் என்று இவர்கள் சொல்கிற இடத்தில், ட்ரெய்ன் பிளக்கைத் தளர்த்தினார். கீழே வைத்த சட்டியில் ஆயில் விழவில்லை. மோர் விழுந்தது. நுரையோடு, சாம்பல் வெள்ளையில், கெட்டியாக.

"பாத்தியளா. தாமிரபரணி."

நான் வண்டிக்கு அடியில் குனிந்தே கேட்டேன், மூடி வைத்த இரும்புக் குடத்துக்குள் எப்படிப் போனது? அவர் கிரவுனின் மேல்பக்கத்தைத் தடவி ஒரு சின்னத் தொப்பியைக் காட்டினார். சட்டைப் பொத்தான் அளவு. பிரீதர். குடத்துக்குள் பல்சக்கரம் சுற்றும்போது சூட்டில் காற்று விரியும், அது வெளியேற ஒரு மூக்கு வேண்டும். மதுரையிலிருந்து விடாமல் ஓடிவந்த கிரவுன் கையை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதைத் திடீரென்று குளத்துத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கினால் இழுக்கும். வெளியே இருப்பது காற்றென்றால் காற்றை இழுக்கும், தண்ணீரென்றால் தண்ணீரை இழுக்கும். மூக்கு வழியாகவும் இழுக்கும், ஆயில் சீலின் உதட்டு வழியாகவும் இழுக்கும். கியர் பாக்ஸிலும் இதே கதை. வீல் ஹப்பிலும் இதே கதை.

"தண்ணியில எறங்குமுன்ன கொஞ்சம் ஆற வச்சிருக்கலாம்லா?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

அண்ணன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அவசரம் அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான்.

அண்ணாச்சி சொன்ன இரண்டாவது தப்பு, நனைந்த வண்டியை ராத்திரியே நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவந்தது. ஓட்டாமல் ஒரு ராத்திரி நிறுத்தியிருந்தால் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். காலையில் பிளக்கை நோகாமல் திருகினால் முதலில் தண்ணீர் தனியாக வந்து விழும், பின்னால் ஆயில் வரும்போது மூடிவிடலாம். நேற்று பாட்டிலில் பார்த்தேனே, அதே கணக்கு. ஓட்டினால் பல்சக்கரமே மத்து. கடைந்துவிடும். கடைந்த மோரை எத்தனை நாள் வைத்தாலும் பிரிக்க முடியாது, கொட்டத்தான் வேண்டும். மட்டரக ஆயில் கொஞ்சத்தை ஊற்றி, ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, மறுபடி வடித்தார். இரண்டாவது முறையும் வெளுப்புதான். மூன்றாவது முறை தேன் நிறம் வந்தது. அதன் பிறகு நல்ல 90 ஆயில். பிரீதர் தொப்பியைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு ரப்பர் ஹோஸை மாட்டி, சேஸ் வழியாக மேலே கொண்டுபோய்ப் பாடியின் உயரத்துக்குக் கட்டிவிட்டார். இனி வண்டி முங்கினால் மூக்கு மேலே இருக்கும். கம்பெனியே செய்திருக்கலாமே என்றேன். "கம்பெனிக்காரன் வண்டியத் தார் ரோட்டுக்குச் செய்யுதான், மறுகாலுக்காச் செய்யுதான்?" என்றார்.

டைனமோவைக் கழற்றி மண்ணைக் கழுவி வெயிலில் வைத்தார்கள். பியூஸ் பாக்ஸில் பச்சை பூக்கத் தொடங்கியிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் ஒரு பையன் ஒவ்வொரு முனையாகத் தேய்த்தான். ட்ரம்முகளைக் கழற்றினால் உள்ளே வண்டல், மாவு மாதிரி நைசாக. அதை அப்படியே விட்டிருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் உப்புத்தாள் போட்ட மாதிரி லைனரைத் தின்றிருக்கும். ஏரல் சேலை அங்கேதான் செலவானது. அண்ணாச்சி அதைக் கிழிக்கக் கேட்டபோது அண்ணன் கரையை மட்டும் தனியாகக் கிழித்து எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்.

ஹப்புகள் மிச்சம். முன்பக்கம் இரண்டும் திறந்தார்கள். கிரீஸ் வெளுத்து, தொட்டால் தயிர் மாதிரி விலகியது. வழித்தெடுத்து, டீசலில் பேரிங்கைக் கழுவி, உருளை உருளையாக விரலால் சுற்றிப் பார்த்து, உள்ளங்கையில் புதுக் கிரீஸை வைத்துப் பேரிங்கின் ஓரத்தால் அழுத்தி அழுத்தி உள்ளே ஏற்றினார்கள். பார்க்க, குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல இருந்தது, அவ்வளவு பொறுமை. பின்பக்கம் வலது திறக்க இன்னும் நேரமானது. ஆக்சில் ராடை உருவ வேண்டும். அதிலும் கிரீஸ் வெளுப்புதான், ஆனால் குறைவு. மணி ஐந்தரை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மதுரையில் அடுத்த லோடு கட்டி வைத்துவிட்டு, கிளம்பிவிட்டீர்களா என்று என்னை ஆறு முறை போனில் கூப்பிட்டுவிட்டார்கள்.

பின்பக்கம் இடது சக்கரம் பாக்கி. "இதுவும் வலது மாதிரிதான இருக்கும் அண்ணாச்சி? அப்புறம் பார்த்துக்கலாமா?" கேட்டது நான்தான்.

அண்ணாச்சி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சக்கரத்தைப் பார்த்தார். கிளம்பினோம்.

கயத்தாறில் மறுபடி டீ. மறுபடி நாலு சக்கரத்திலும் உள்ளங்கை. இந்த முறை நானும் கூடவே போய்த் தொட்டுப் பார்த்தேன். நாலும் ஒரே சூடுதான்.

ஜனவரியில், பொங்கல் கழிந்த ஒரு ராத்திரி, அண்ணன் கூப்பிட்டார். சாத்தூரில் டீக்கு நிறுத்தியிருக்கிறார். பின்பக்கம் இடது ஹப்பில் கையை வைத்ததும் எடுத்துவிட்டாராம். "சுட்டுருச்சு தம்பி. கருகின நெய் வாசம்." அங்கேயே ஆள் பிடித்துத் திறந்திருக்கிறார்கள். பேரிங் உருளைகள் நீலம் பாய்ந்திருந்தன. இன்னும் இருபது முப்பது கிலோமீட்டர் ஓடியிருந்தால் ஹப்பே பிடித்துச் சக்கரம் தனியாகப் போயிருக்கும். சீலைக் கழற்றினால் அதன் உதட்டைச் சுற்றி ஏதோ நூல் மாதிரி இறுக்கிச் சுற்றியிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் வாழைநார். அந்த மறுகாலில் சுற்றியது, ஒரு மாதமாகச் சீலை அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன்.

வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் சொல்லவில்லை. "பேரிங் செட்டு, சீலு, கிரீஸு, ஆள் கூலி. லோடு ஒருநாள் தள்ளிப்போச்சு, அத விடு. பில்லு போட்டு விடுறேன்" என்றார்.

பில் வந்தது. அதற்குக் கீழே ஒரு படமும் வந்தது. கறுத்துச் சுருண்ட ஒரு நார், அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு. இரண்டுக்கும் அடியில் விரித்திருந்தது அரக்குச் சேலையின் சரிகைக் கரை.